மரவில் வடிவமைப்பில் எடைக் கணக்கு

மரவில் வடிவமைப்பில் எடைக் கணக்கு என்பது, ஒரே மரத்துண்டிலிருந்து கையால் செதுக்கப்படும் வில்லின் அகலம், தடிப்பு, நீளம் ஆகியவற்றை மரத்தின் எடையையும் சில எளிய வாய்பாடுகளையும் கொண்டு முன்கூட்டியே முடிவு செய்யும் முறை ஆகும். ஒரு குறிப்பிட்ட இழுவிசையும் இழுப்பு நீளமும் கொண்ட வில்லுக்கு, எந்த மரத்தில் செய்தாலும் ஏறத்தாழ ஒரே எடை தேவைப்படுகிறது என்பதே இம்முறையின் அடிப்படை. வில் செய்வோரிடையே இது எடைக் கொள்கை என அறியப்படுகிறது. அமெரிக்க வில் செய்வோரான ஸ்டீவ் கார்ட்னர் இதனைப் பட்டறிவின் வழியே வகுத்தார். அவரது கட்டுரை 2008-ஆம் ஆண்டு வெளிவந்த மரபு வில் செய்முறைத் தொகுப்பு நூலின் நான்காம் தொகுதியில் இடம்பெற்றது.

நன்கு உலர்ந்த ஒரு மரக்கட்டையைப் பெற ஓராண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அதனைச் செதுக்கி முடிக்கும் தறுவாயில் வில் முறிந்தால் அத்தனை உழைப்பும் வீணாகும். முறியும் துண்டு முகத்தில் தெறிக்கவும் கூடும். ஒரு தராசும் அளவுகோலும் இந்த இழப்பைப் பெருமளவு தவிர்க்கின்றன.

சொற்கள்

வில்லின் நடுப்பகுதி கைப்பிடி. அதன் மேலும் கீழும் வளையும் பகுதிகள் இக்கட்டுரையில் கிளைகள் எனப்படுகின்றன. நாண் பொருந்தும் நுனி வெட்டு குதை எனப்படும். அம்பின் அடியில் நாண் பொருந்தும் வெட்டுக்கும் இதுவே பெயர். அம்பு எய்யும் நிலையில் நாண் கைப்பிடியிலிருந்து பின்னோக்கி வரும் தொலைவு இழுப்பு நீளம். அந்நிலையில் நாணைப் பிடித்திருக்கத் தேவையான விசை இழுவிசை ஆகும். நாணைக் கழற்றிய பின்னும் மரம் பழைய நேர்நிலைக்குத் திரும்பாமல் தங்கிவிடும் வளைவு நிலைவளைவு எனப்படும். விசையை அளக்கப் பயன்படும் சுருளுக்குத் தமிழில் சுருள்வில் என்றே பெயர் இருப்பது பொருத்தமானது. இரண்டும் ஒரே மீள்தன்மைக் கருத்தின் இரு வடிவங்கள்.

தமிழகப் பின்னணி

சேரரின் சின்னம் வில் என்பது பள்ளி மாணவரும் அறிந்தது. கொல்லிமலைத் தலைவன் ஓரி, வல்வில் ஓரி என்றே பெயர் பெற்றவன். அவன் எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்ததாக வன்பரணர் பாடிய பாடல் புறநானூற்றில் 152-ஆவதாக உள்ளது. கீழே வரும் கணக்கின்படி ஒரு நடுத்தர மரவில்லின் அம்பு கொண்டுசெல்லும் ஆற்றல் 35 ஜூலுக்குக் குறைவு. அதனை நோக்க, அப்பாடலைப் புலவர் புகழ்ச்சி என்று கொள்வதே தகும்.

மதுரைச் சமவெளியிலும் அதன் கிழக்கே சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளிலும் மரத்தால் ஆன எறிபடையான வளரி பெயர் பெற்றது. அதிலும் எடையும் எடை பரவியிருக்கும் விதமுமே பறக்கும் பாதையை முடிவு செய்கின்றன. வில்லின் நினைவு இப்பகுதியில் இன்று பெரும்பாலும் சடங்குகளில் எஞ்சியுள்ளது. விசயதசமி நாளில் கோயில்களில் அம்பு போடுதல் நடைபெறுகிறது. காரைக்குடியிலும் இராமநாதபுரத்திலும் இவ்விழா மகர்நோன்பு என வழங்குகிறது. தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டில் பனை அல்லது மூங்கிலால் ஆன நீண்ட வில் இசைக்கருவியாகிறது. அதன் நாணை வீசுகோலால் தட்டுவார்களே அன்றி இழுப்பதில்லை. ஆதலால் அம்பு எய்யும் வில்லுக்கான கணக்கு அதற்குப் பொருந்தாது.

விளையாட்டில் மரவில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1973-இல் அமைக்கப்பட்ட இந்திய வில்வித்தைச் சங்கத்தின் போட்டிகளில் இந்தியச் சுற்று என்னும் பிரிவு உண்டு. இதில் மூங்கில் வில்லைக் கொண்டு 50 மீட்டர், 30 மீட்டர் தொலைவுகளில் எய்கின்றனர். இராசத்தானின் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்து ஒலிம்பிக் வரை சென்ற லிம்பா ராம் மூங்கில் வில்லில் தொடங்கியவரே. உலோகமும் கார்பன் இழையும் கொண்ட வில்லை வாங்க இயலாத மாணவருக்கு இப்பிரிவே நுழைவாயில். அவர்கள் கையில் இருக்கும் வில் சரியாக அமைவதும் பிழையாக அமைவதும் பெரும்பாலும் செதுக்கியவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தே உள்ளது.

எடைக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பு

வில் என்பது ஆற்றலைச் சேமிக்கும் கருவி. எய்பவர் மெதுவாக இழுத்துச் சேர்க்கும் ஆற்றலை அது மிகக் குறுகிய நேரத்தில் அம்புக்குத் தருகிறது. நாண் பூட்டிய நிலையில் நாணுக்கும் கைப்பிடிக்கும் இடையே 15 செ.மீ. இடைவெளி உள்ளது என்றும், இழுப்பு நீளம் 70 செ.மீ. என்றும், இழுவிசை 200 நியூட்டன் (ஏறத்தாழ 20 கிலோ எடை) என்றும் கொள்வோம். விசை சுழியிலிருந்து சீராக உயர்வதாக வைத்துக்கொண்டால்,

சேமிக்கும் ஆற்றல் = ½ × 200 × (0.70 − 0.15) = 55 ஜூல்

நாண் பூட்டும்போதே மரம் சற்று வளைந்துவிடுவதால் அதற்கும் சேர்த்து மரம் தாங்க வேண்டிய மொத்த ஆற்றல் ஏறத்தாழ 60 ஜூல் ஆகும்.

இந்த ஆற்றல் மரத்தின் எந்தப் பகுதியில் தங்குகிறது? வளைந்த கிளையின் வெளிப்புற இழைகள் நீள்கின்றன. நாணை நோக்கிய உட்புற இழைகள் அமுங்குகின்றன. நடுவில் உள்ளவை இரண்டும் இல்லாமல் சும்மா இருக்கின்றன. ஓர் இழை எத்தனை விழுக்காடு நீள்கிறது அல்லது குறுகுகிறது என்பதே திரிபு. மேற்பரப்பில் திரிபு மிகுதி, நடுவில் சுழி. எனவே செவ்வக வெட்டுமுகம் கொண்ட கிளை, முழுதும் ஒரே அளவில் இழுபட்ட கோல் ஒன்று சேமிக்கும் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கையே சேமிக்கிறது. கிளை நெடுகிலும் மேற்பரப்புத் திரிபு ஒரே அளவாக இருந்தால்,

ஒரு கன அளவில் சேரும் ஆற்றல் = யங் குணகம் × திரிபு² ÷ 6

இதனை அடர்த்தியால் வகுத்தால் ஒரு கிராம் மரம் சேமிக்கும் ஆற்றல் கிடைக்கும். இங்குதான் எடைக் கொள்கையின் காரணம் வெளிப்படுகிறது. மரத்துக்கு மரம் யங் குணகம் பெரிதும் மாறுபடுகிறது, அடர்த்தியும் மாறுபடுகிறது. ஆனால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்குகின்றன. கனத்த மரம் விறைப்பானது, இலேசான மரம் நெகிழ்வானது. ஆகவே இரண்டின் விகிதம் அதிகம் மாறுவதில்லை. பெரும்பாலான மரங்கள் கெடாமல் தாங்கும் திரிபும் 0.7 முதல் 1 விழுக்காடு என்ற குறுகிய எல்லைக்குள் அடங்குகிறது. எனவே ஒரு ஜூலுக்கு இத்தனை கிராம் மரம் வேண்டும் என்று பொதுவாகச் சொல்ல முடிகிறது.

யங் குணகம் சதுர மில்லிமீட்டருக்கு 12,000 நியூட்டன், அடர்த்தி கன செ.மீ.க்கு 0.6 கிராம், திரிபு 0.8 விழுக்காடு என்று கொண்டால் ஒரு கிராம் மரம் 0.213 ஜூல் சேமிக்கும். (இவ்வெண்கள் தேக்கின் எண்களுக்கு அருகில் உள்ளவை.) 60 ஜூலுக்கு 281 கிராம் வேண்டும். இது வளையும் பகுதிக்கு மட்டும் உரிய எடை. கைப்பிடியும் குதை நுனிகளும் ஆற்றலைச் சேமிப்பதில்லை என்பதால் அவற்றின் எடை தனி.

திரிபு இங்கு இருபடியில் வருவதைக் கவனிக்க வேண்டும். அதே வில்லைத் திரிபு 0.6 விழுக்காட்டுடன் அமைத்தால் 500 கிராம் வேண்டும். ஒரு விழுக்காட்டுடன் அமைத்தால் 180 கிராமே போதும், ஆனால் பல மரங்கள் அங்கே நிலைவளைவு கொள்ளும் அல்லது முறியும். குறைந்த எடையுள்ள வில் மரத்தை வதைக்கிறது. மிகுந்த எடையுள்ள வில் தன் உடலையே வீசி ஆற்றலை வீணாக்குகிறது. நல்ல வில் இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளது.

மரத்தைச் சோதித்தல்

மேற்கண்ட எண்களைப் பிறர் பட்டியலிலிருந்து எடுப்பதைவிட, வில் செய்யப்போகும் கட்டையிலிருந்தே ஒரு சிறு பட்டையை அறுத்துச் சோதிப்பது நல்லது. ஒரே இனத்தின் இரு மரங்களுக்கிடையே கூட இருபது விழுக்காடு வேறுபாடு வருவது அரிதன்று.

பட்டையை 20 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிப்பு உள்ளதாக இழைப்புளியால் சீராக இழைத்துக்கொள்ள வேண்டும். அதனை 30 செ.மீ. இடைவெளியுள்ள இரு தாங்கிகளின் மேல் வைத்து, நடுவில் கயிற்றால் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டு, நடுப்பகுதி எவ்வளவு தாழ்கிறது என அளக்க வேண்டும். மளிகைக்கடைப் படிக்கல்லோ தராசில் நிறுத்த மணல் பையோ எடையாக அமையலாம்.

யங் குணகம் = விசை × இடைவெளி³ ÷ (4 × அகலம் × தடிப்பு³ × தாழ்வு)

5 கிலோ என்பது 49 நியூட்டன். தாழ்வு 11 மி.மீ. என்றால் யங் குணகம் ஏறத்தாழ 12,000 ஆகும். தடிப்பு முப்படியில் வருவதால் அதனைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் துல்லியத்துடன் அளக்காவிட்டால் விடை பிழைபடும். கம்பிக் கடைகளில் உள்ள வெர்னியர் அளவி இதற்குப் போதும்.

அடுத்து, அந்த மரம் எவ்வளவு திரிபைத் தாங்கும் என அறிய வேண்டும். இதே அமைப்பில்,

திரிபு = 6 × தடிப்பு × தாழ்வு ÷ இடைவெளி²

எனவே 0.8 விழுக்காடு திரிபுக்குத் தாழ்வு 24 மி.மீ. வரவேண்டும். இதற்கு ஏறத்தாழ 11 கிலோ தேவைப்படும். எடையைச் சிறிது நேரம் தொங்கவிட்டு நீக்கியபின் பட்டை ஏறக்குறைய நேராகத் திரும்பினால் அந்தத் திரிபு அம்மரத்துக்கு ஏற்றது. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் வளைவு தங்கிவிட்டால் 0.7 அல்லது அதற்கும் குறைவாகக் கொண்டு கணக்கை மறுபடியும் தொடங்க வேண்டும். பட்டை முறிந்தால் வருத்தப்படத் தேவையில்லை. முறிந்தது வில் அன்று.

அடர்த்திக்கு, கட்டையிலிருந்து அறுத்த செவ்வகத் துண்டு ஒன்றின் எடையை அதன் நீள, அகல, உயரப் பெருக்கலால் வகுத்தால் போதும்.

ஓர் எடுத்துக்காட்டு

மேலே கண்ட 200 நியூட்டன், 70 செ.மீ. வில்லையே எடுத்துக்கொள்வோம். மொத்த நீளம் 168 செ.மீ. இதில் வளையாத நடுப்பகுதி 24 செ.மீ.; ஒவ்வொரு கிளையிலும் வளையும் பகுதி 62 செ.மீ., வளையாத நுனி 10 செ.மீ. கிளையின் தடிப்பு நெடுகிலும் ஒன்றே. அகலம் மட்டும் நுனியை நோக்கிக் குறைகிறது. இவ்வடிவில் கிளை வட்டத்தின் ஒரு பகுதிபோல் வளைவதால் கணக்கு எளிது.

முழுதாக இழுத்த வில்லின் வடிவத்தைக் கட்டத்தாளில் கவராயத்தால் வரைந்து பார்க்கலாம். நாணின் மொத்த நீளத்தை 162 செ.மீ. எனக் கொண்டு வெவ்வேறு ஆரங்களில் வரைந்தால், வளைவின் ஆரம் 70 செ.மீ. ஆகும்போது இழுப்பு நீளம் 70 செ.மீ.க்கு மிக அருகே வருவது தெரியும். ஆரமும் இழுப்பு நீளமும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயலே.

தடிப்பு = 2 × ஆரம் × திரிபு = 2 × 700 × 0.008 = 11.2 மி.மீ.

இதில் மரத்தின் விறைப்பு வரவேயில்லை என்பது முதன்முறை காண்போர்க்கு வியப்பாக இருக்கும். தடிப்பை முடிவு செய்வது வளைவும் மரம் தாங்கும் திரிபுமே. வில் வலுவாக வேண்டும் என்று தடிப்பைக் கூட்டுபவர் மரத்தை முறிவை நோக்கித் தள்ளுகிறார். வலுவைக் கூட்டவேண்டிய இடம் அகலம். கையால் வில் செய்யத் தொடங்குவோர் செய்யும் பிழைகளுள் இதுவே மிகுதி.

அகலத்துக்கு, அதே படத்திலிருந்து இரு அளவுகள் தேவை. முழு இழுப்பில் நாணின் ஒவ்வொரு பாதியும் தாங்கும் இழுவை 224 நியூட்டன். கிளை தொடங்கும் இடத்திலிருந்து நாணுக்குள்ள செங்குத்துத் தொலைவு 57 செ.மீ. இரண்டின் பெருக்கல், அதாவது 127 நியூட்டன்-மீட்டர், கிளையின் அடியை வளைக்கும் திருப்புத்திறன் ஆகும்.

அகலம் = 12 × திருப்புத்திறன் × ஆரம் ÷ (யங் குணகம் × தடிப்பு³)

மில்லிமீட்டரில் எண்களை இட்டால் 63 மி.மீ. கிடைக்கிறது. நுனிப்பக்கத்தில் திருப்புத்திறன் குறைந்துகொண்டே போவதால் அங்கு 11 மி.மீ. போதும். ஆனால் கிளை பக்கவாட்டில் முறுகாமல் இருக்க 15 மி.மீ. விடுவது நல்லது.

இனி எடை. ஒரு கிளையின் சராசரி அகலம் 39 மி.மீ.; கன அளவு 271 கன செ.மீ.; எடை 163 கிராம்; இரு கிளைகளும் சேர்ந்து 325 கிராம். முன்னர் ஆற்றலை மட்டும் கொண்டு பெற்ற 281 கிராமைவிட இது சற்றே கூடுதல். நுனியில் விட்ட உபரி அகலமே இதற்குப் பெரும் காரணம். கைப்பிடி ஏறத்தாழ 150 கிராம், இரு நுனிகளும் சேர்ந்து 27 கிராம். ஆகவே முடிந்த வில் 500 கிராம் அளவில் இருக்க வேண்டும்.

இப்போது இதே வில்லைக் கனத்த மரம் ஒன்றில் செய்வதாகக் கொள்வோம். யங் குணகம் 16,000, அடர்த்தி 0.8. திரிபு அதே 0.8 விழுக்காடு என்றால் தடிப்பு மாறாது. அடி அகலம் 63-இலிருந்து 47.5 மி.மீ. ஆகிவிடும். நுனியையும் அதே விகிதத்தில் குறைத்தால் கன அளவு முக்கால் பங்காகிறது, அடர்த்தியோ ஒன்றேகால் மடங்குக்கும் மேல். பெருக்கிப் பார்த்தால் இரு கிளைகளும் மீண்டும் 325 கிராம். வில் பார்வைக்கு மெலிந்திருக்கும். தராசில் வேறுபாடு தெரியாது.

செதுக்கும்போது தராசு

கணக்கில் வந்த அளவுக்கே கட்டையை அறுத்துவிடக் கூடாது. அகலத்தைக் கணக்குப்படியும் தடிப்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாகவும் விட்டு வாய்ச்சியாலும் இழைப்புளியாலும் பருவெட்டாகச் செய்துகொண்டு, பின்னர் அரத்தாலும் சுரண்டு தகட்டாலும் மெல்லக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இரு அளவுகளைத் தாளில் குறிக்க வேண்டும்: வில்லின் எடை, குறிப்பிட்ட இழுப்புக்கு வேண்டிய விசை.

விசையை அளக்க, கைப்பிடியை ஒரு மரத்தூணின் உச்சியில் பொருத்தி, நாணில் கொக்கி மாட்டி எடையைத் தொங்கவிடலாம். தூணின் அடியில் கப்பி ஒன்றைப் பொருத்திக் கயிற்றைத் தொலைவிலிருந்து இழுப்பது பாதுகாப்பானது. அங்கிருந்து பார்க்கும்போது இரு கிளைகளும் ஒரே சீராக வளைகின்றனவா என்பதும் தெரியும்.

கிளையின் விறைப்பு தடிப்பின் முப்படிக்கு நேர்விகிதம். 11.2 மி.மீ. கிளையில் 0.3 மி.மீ. சுரண்டினால் இழுவிசை 20 கிலோவிலிருந்து 18.4 கிலோவாக இறங்கிவிடும். கீழே விழும் சீவலின் எடையோ ஒன்பது கிராமுக்கும் குறைவு. அதே ஒன்பது கிராமைப் பக்கவாட்டில் அகலத்திலிருந்து எடுத்தால் அரை கிலோ மட்டுமே குறையும். ஆகவே இறுதிக் கட்டத்தில் எதை எங்கிருந்து எடுப்பது என்பது பெரிய முடிவு.

செதுக்குபவர் பெரும்பாலும் இரு நிலைகளில் ஒன்றைச் சந்திப்பார்.

வில் இன்னும் 55 செ.மீ. இழுப்பைக்கூட எட்டவில்லை, ஆனால் எடை ஏற்கனவே 500 கிராமுக்குக் கீழே வந்துவிட்டது எனில், கிளைகள் குறுகலாக அமைந்துவிட்டன என்று பொருள். இந்நிலையில் விரும்பிய 20 கிலோவைப் பிடிவாதமாகத் தேடினால் நிலைவளைவோ முறிவோ உறுதி. 16 கிலோ வில்லாக முடித்துக்கொள்வதும் இழுப்பு நீளத்தைக் குறைத்துக்கொள்வதுமே அறிவுடைமை. தராசு இல்லாதவர் இதனை அறிவது வில் சாய்ந்த பிறகுதான்.

மாறாக, இழுவிசையும் இழுப்பும் சரியாக வந்தபின்னும் எடை 600 கிராம் இருந்தால், வில் பாதுகாப்பானது ஆனால் மந்தமானது. இங்கு உபரி மரத்தை நுனியிலிருந்து எடுக்க வேண்டும். கைப்பிடி ஏறக்குறைய அசைவதேயில்லை. அங்கிருந்து ஐம்பது கிராம் எடுப்பதைவிட, வேகமாக வீசப்படும் நுனியிலிருந்து ஐந்து கிராம் எடுப்பது அம்புக்கு நன்மை தரும்.

ஈரப்பதம்

தராசை நம்பும் முறைக்குப் பகை ஈரம். மரம் காற்றின் ஈரத்துக்கேற்ப நீரை ஏற்கவும் விடவும் செய்கிறது. 30 பாகை செல்சியசில் காற்றின் சார்பு ஈரப்பதம் 70 விழுக்காடாக இருந்தால் மரத்தின் ஈரம் 12 விழுக்காட்டை ஒட்டி நிலைகொள்ளும். 40 விழுக்காடாக இருந்தால் 7, 8 விழுக்காட்டுக்கு இறங்கும். மதுரையில் மார்ச் முதல் சூன் வரை நீளும் வறண்ட கோடையும், அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையும் இந்த இரு எல்லைகளையும் ஒரே ஆண்டில் காட்டிவிடுகின்றன.

12 விழுக்காடு ஈரத்தில் 500 கிராம் இருந்த வில், 8 விழுக்காட்டில் 482 கிராம் ஆகிவிடும். ஒரு சீவலும் விழாமல் பதினெட்டு கிராம் போய்விட்டது. ஈரமான மரம் நெகிழ்வாக இருந்து எளிதில் நிலைவளைவு கொள்ளும். மிகவும் காய்ந்த மரம் விறைத்து, முறியும் தன்மை பெறும். எனவே ஐப்பசி மழையில் செதுக்கிய வில்லைச் சித்திரை வெயிலில் வைத்த இடத்திலிருந்து எடுத்து முழுதாக இழுப்பது நல்லதன்று. செதுக்கும் கட்டையின் அருகிலேயே அதே கட்டையின் சிறு துண்டு ஒன்றை வைத்து வாரம் ஒருமுறை நிறுத்து, எடை மாறாமல் நின்ற பின்னரே வேலையைத் தொடங்குவது எளிய தீர்வு.

அம்பின் வேகம்

வில் சேமித்த ஆற்றல் முழுவதும் அம்புக்குச் செல்வதில்லை. கிளைகளையும் நாணையும் அசைக்க ஒரு பங்கு செலவாகிறது. அமெரிக்க இயற்பியலாளர் பால் கிளாப்ஸ்டெக், அம்போடு கூடவே இன்னொரு மாறாத பொருண்மையும் வீசப்படுவதாகக் கருதினால் கணக்கு சரியாக வருவதை எடுத்துக்காட்டினார். 1943-இல் அமெரிக்க இயற்பியல் இதழில் வெளியான அவரது கட்டுரை இதனை விளக்குகிறது. இக்கற்பனைப் பொருண்மையை மறைபொருண்மை எனலாம்.

வேகம்² = 2 × ஆற்றல் ÷ (அம்பின் பொருண்மை + மறைபொருண்மை)

நமது வில்லின் 55 ஜூலையும் 30 கிராம் அம்பையும் கொண்டு, மறைபொருண்மை 18 கிராம் என்றால் வேகம் நொடிக்கு 48 மீட்டர். அம்பு பெறும் ஆற்றல் 34 ஜூல். நுனி கனத்து மறைபொருண்மை 28 கிராம் ஆனால் வேகம் 43.5 மீட்டராகவும் ஆற்றல் 28 ஜூலாகவும் குறையும். இந்தியச் சுற்றின் 50 மீட்டர் தொலைவில், காற்றின் தடையைக் கணக்கில் கொள்ளாவிட்டாலும், முதல் அம்பு புறப்பட்ட நேர்க்கோட்டிலிருந்து 5.3 மீட்டர் தாழும், இரண்டாவது ஏறத்தாழ 6.5 மீட்டர் தாழும். இழுப்பவரின் உழைப்பு இரண்டிலும் ஒன்றே.

அம்பு இல்லாமல் நாணை இழுத்துவிடுவது ஏன் கூடாது என்பதும் இவ்வாய்பாட்டிலிருந்தே விளங்கும். அம்பின் பங்கு சுழியானால் 55 ஜூலும் கிளைகளிலும் நாணிலுமே இறங்குகிறது. நல்ல வில்லும் இதில் முறியக்கூடும்.

கணக்கீட்டின் வளர்ச்சி

மீள்தன்மை விதியை இராபர்ட் ஊக் 1678-இல் வெளியிட்டார். எனினும் வில்லை அளந்து ஆராயும் முயற்சி இருபதாம் நூற்றாண்டிலேயே வலுப்பெற்றது. மருத்துவரான சாக்சுடன் போப் பல நாட்டு வில்களை எய்து பார்த்து 1923-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழக வெளியீடாகத் தம் அளவுகளைத் தந்தார். 1930-களில் சி. என். இக்மேன், தட்டையான செவ்வக வெட்டுமுகமே மரத்தைச் சிறப்பாகப் பயன்படுத்துகிறது என்று கணக்கிட்டுக் காட்டியது, உருண்டு தடித்த ஆங்கில நெடுவில்லையே முன்மாதிரியாகக் கொண்டிருந்தோரின் வழக்கத்தை மாற்றியது. நெதர்லாந்தின் பாப் கூயி 1983-இல் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வேடு முழு இயக்கத்தையும் கணினி வழியே தீர்த்தது.

இக்கணக்கு தலைகீழாகவும் பயன்பட்டுள்ளது. 1545-இல் மூழ்கிய மேரி ரோசு என்னும் ஆங்கிலேயப் போர்க்கப்பல் 1982-இல் கடலிலிருந்து தூக்கப்பட்டது. அதன் சிதைவுகளில் நூற்று எழுபதுக்கும் மேற்பட்ட யூ மர வில்கள் கிடைத்தன. நானூறு ஆண்டுக்கு மேல் நீரில் கிடந்த மரத்தை இழுத்து அளக்க இயலாது. அளவுகளையும் மரத்தின் விறைப்பையும் கொண்டு கணக்கிட்டபோது, அவற்றின் இழுவிசை ஏறத்தாழ 45 முதல் 80 கிலோ வரை இருந்திருக்கும் எனத் தெரிந்தது. அதற்கு முன் பலர் இதனைவிட மிகக் குறைவாகவே மதிப்பிட்டிருந்தனர்.

எந்த மரம்

எடைக் கொள்கைக்கு விலக்குகள் உண்டு. யூ மரம் தன் அடர்த்திக்கு விறைப்புக் குறைந்தது, ஆனால் திரிபை மிகுதியாகத் தாங்கும். அதில் செய்த வில் கணக்கைவிட இலேசாக இருக்கலாம். மூங்கில் இன்னொரு விலக்கு. அதன் வலிய இழைகள் வெளித்தோலை ஒட்டிச் செறிந்துள்ளன. உட்புறம் மென்மையானது. எனவே தோற்பக்கத்தை இழுபடும் வெளிப்புறமாக வைத்து, உட்புறத்தை மட்டுமே சீவ வேண்டும். தோலைச் சீவிய மூங்கில் வில்லுக்கு மேற்கண்ட வாய்பாடு எதுவும் துணை நில்லாது. வறண்ட மலைச்சரிவுகளில் வளரும் உள்துளை சிறுத்த கல்மூங்கில், பருத்த முள்மூங்கிலைவிட இவ்வேலைக்கு ஏற்றது.

மரங்களுள் சடச்சி குறிப்பிடத்தக்கது. வடக்கில் தாமன் எனப்படும் இம்மரத்துக்கு வடமொழியில் வில்மரம் என்று பொருள்படும் தனுர்விருட்சம் என்ற பெயரும் உண்டு. பனையின் கருத்த வெளிவைரம் வலியது, ஆனால் இழைகள் பிரிந்து சிலாம்பு ஏறுவதால் கையுறை இல்லாமல் செதுக்கக் கூடாது. மதுரைச் சுற்றுப்புறத்தில் கண்மாய்க் கரையெங்கும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலம் கனமும் உறுதியும் கொண்டது. ஒன்றரை மீட்டர் நேராக ஒரு கட்டை கிடைப்பதுதான் அரிது. கிடைக்குமாயின் அதனை வெட்டுவதால் எவர்க்கும் இழப்பில்லை. அழகர்மலை, சிறுமலை போன்ற இடங்களின் காப்புக்காடுகளில் மரமோ மூங்கிலோ வெட்டுவது சட்டப்படி குற்றம் ஆதலால், கட்டையை மரக்கடையிலோ சொந்த நிலத்திலோ பெறுவதே முறை.

இரு கட்டைகளுள் ஒன்றைத் தேர வேண்டுமாயின், இனத்தைவிட இழை ஓட்டத்துக்கே முதலிடம் தர வேண்டும். இழைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அறுபடாமல் ஓடாத கட்டை, தராசில் எவ்வளவு சரியாக நின்றாலும், அறுபட்ட இடத்திலேயே பிளக்கும்.